கரும்பலகையின் வலது பாதி

மேசைமேல் நாற்பத்திரண்டு படிவங்கள் இருந்தன. எங்கள் பத்தாம் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். படிவங்களைச் சணல் கயிற்றால் கட்டி, மேலே ஒரு சீட்டில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி, அந்த வகுப்பின் ஆசிரியரும் கணக்கு ஆசிரியருமான ஞானராஜ் சார் வைத்துவிட்டுப் போயிருந்தார். தலைமையாசிரியை என்ற முறையில் நான் கையெழுத்துப் போட்டு மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பவேண்டும். அவ்வளவுதான் வேலை.

காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம் அது. மழை இன்னும் இறங்கவில்லை. உப்பளக் காற்றின் ஈரத்தில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பிரித்ததால்தான் படித்தேன். இல்லாவிட்டால், எல்லாத் தலைமையாசிரியர்களையும் போல மேல் தாளையும் கீழ்த் தாளையும் பார்த்துவிட்டு முத்திரை குத்தியிருப்பேன்.

படிவத்தின் தலைப்பு 'கற்றல் சூழல் குறித்த மாணவர் கருத்து'. பதினைந்து கேள்விகள். வகுப்பறையில் வெளிச்சம் போதுமா, ஆசிரியர் சொல்வது கேட்கிறதா, இந்த மாதிரி. முப்பத்தொன்பது பிள்ளைகள் பதினைந்து கேள்விக்கும் 'ஆம்' என்று எழுதியிருந்தார்கள். அதில் பதினொன்றாவது கேள்வி, 'வகுப்பில் நீங்கள் அச்சமாக உணர்கிறீர்களா?' அதற்கும் ஆம். முப்பத்தொன்பது பேரும் அஞ்சி நடுங்குகிறார்கள் என்பது சரிபார்க்கப்பட்டிருந்தது.

மூன்று படிவங்கள் மட்டும் வேறு மாதிரி இருந்தன. 'கரும்பலகையில் எழுதுவது தெளிவாகத் தெரிகிறதா?' என்ற கேள்விக்கு மாரிச்செல்வி என்ற பெண் இப்படி எழுதியிருந்தாள்:

'பாதி தெரியும்.'

படிவங்களும் நானும்

நான் படிவங்களை வெறுப்பவள் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் அவற்றோடு குடும்பம் நடத்தியவள். எந்தப் படிவம் எத்தனை நகல், எதற்குப் பச்சை மை, எதை யார் வழியாக யாருக்கு அனுப்பவேண்டும் என்பதெல்லாம் என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நிரப்பிய படிவங்கள் எத்தனை என்று கேட்கும் படிவத்தைக்கூட நிரப்பியிருக்கிறேன்.

ஆனால் படிவத்தில் பொய் எழுதுவது எப்படி என்பதும் எனக்குத் தெரியும். 'கழிப்பறை பயன்பாட்டில் உள்ளதா?' என்ற கேள்விக்கு ஆண்டுதோறும் 'ஆம்' என்று எழுதினேன். சாவி என் மேசை இழுப்பறையில் இருந்தது. ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் பயன்பாட்டில் இருக்கும். போன வாரம் இந்தத் தொடரில் அந்தச் சாவியைப் பற்றி எழுதியதற்கு, 'நீங்களே இப்படிச் செய்துவிட்டு இப்போது எழுதுகிறீர்களே' என்று ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். அம்மா, செய்தவள்தானே எழுத முடியும்?

மாணவர் கருத்துப் படிவத்தை நிரப்புவதற்கும் எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆசிரியர் கரும்பலகையில் ஒன்று முதல் பதினைந்து வரை எண் போட்டு, எதிரே பதிலை எழுதிவிடுவார். பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். கருத்துச் சுதந்திரம் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

அப்படியானால் இந்த மூன்று பேர் மட்டும் ஏன் பார்த்து எழுதவில்லை? துணிச்சலா, திமிரா? மாரிச்செல்வியைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

பலகையில் என்ன தெரிந்தது?

மெலிந்த பெண். செருப்பின் விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. வேம்பாரிலிருந்து கடற்கரைச் சாலையில் வரும் பேருந்தைப் பிடிக்க, அவள் வீட்டிலிருந்து உப்பளத்து வரப்பு வழியாக நடந்து வரவேண்டும்.

"இது நீ எழுதினதா?"

"ஆமா டீச்சர்."

"சார் போர்டுல எழுதிப்போட்டாங்கல்லா? அதப் பாத்து எழுத வேண்டியதுதானே?"

"எங்களுக்குத் தெரியல டீச்சர். சார் இடது பக்கம் எழுதியிருந்தாவ. நாங்க வெளிய நின்னோம்லா. அங்கன நின்னா வலது பக்கம் மட்டுந்தான் தெரியும்."

"வெளிய ஏன் நின்னீங்க?"

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். கடலில் ஏன் தண்ணீர் இருக்கிறது என்று கேட்டதுபோல.

"நாங்க டெய்லி வெளியதான நிப்போம்."

எங்கள் பள்ளி மணி ஒன்பதுக்கு அடிக்கும். அந்தப் பேருந்து வந்து சேர ஒன்பது இருபத்தைந்து ஆகும். அதற்கு முந்தைய பேருந்து விடியுமுன் போய்விடும். நேரத்தை மாற்றித் தரும்படி போக்குவரத்துக்கு நான் எழுதிய மனு அப்போது மூன்றாம் ஆண்டாகப் பரிசீலனையில் இருந்தது. இந்த மூவரும் முதல் பாடவேளை முடியும் வரை தாழ்வாரத்தில் நின்றுவிட்டு, பிறகு கடைசி பெஞ்சில் போய் உட்காருவார்கள். அந்த பெஞ்சுக்கு வகுப்பில் பெயரே 'வேம்பார் பஸ்'. முதல் பாடவேளை தினமும் கணக்கு.

"கணக்கு நோட்டை எடுத்துட்டு வா" என்றேன்.

ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்து எழுதிய கையெழுத்து. ஆனாலும் ஒழுங்கான நோட்டு. தேதி போட்டு, அடிக்கோடு இட்டு, ஒவ்வொரு நாளும். ஞானராஜ் சார் பலகையின் நடுவே ஒரு கோடு இழுத்து, இடது பக்கம் கணக்கைத் தொடங்கி வலது பக்கம் முடிப்பவர். மாரிச்செல்வியின் நோட்டில் எல்லாக் கணக்குகளும் முடிந்துகொண்டிருந்தன. ஒன்றுகூடத் தொடங்கவில்லை.

நான் வரலாறு படித்தவள், கணக்கில் புலி இல்லை. ஆனாலும் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். நோட்டின் முன்பக்கங்களில் ஒன்பதாம் வகுப்புக் கணக்குகள்; அப்போதும் அதே சார், அதே முதல் பாடவேளை, அன்றிலிருந்தே இப்படித்தான்.

அவளுடைய காலாண்டு விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். நாலைந்து கணக்குகளுக்கு நேராகக் கடைசி மூன்று வரிகளை மட்டும் எழுதி, சரியான விடையைப் போட்டிருந்தாள். பக்கத்தில் சிவப்பு மையில், 'வழிமுறை இல்லை. பார்த்து எழுதியது. 0.'

பார்த்துத்தான் எழுதியிருந்தாள். அவரையே பார்த்து.

தகரக் கூரையின் கீழ்

இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன்.

நான் நாசரேத்தில் விடுதியில் தங்கிப் படித்தவள். எட்டாம் வகுப்பில் எனக்குப் புவியியல் வராது என்று முடிவாகிவிட்டது. முடிவு செய்தவள் நானேதான், மதிப்பெண்கள் ஒத்துக்கொண்டன. புவியியல் வகுப்பு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தகரக் கூரை போட்ட கொட்டகையில் நடக்கும். சித்திரை வெயிலில் அந்தத் தகரம் டிக் டிக்கென்று சத்தம் போடும். உலக வரைபடத்தில் பாலைவனம் எங்கே என்று டீச்சர் கேட்டால், எனக்கு 'இங்கே' என்று சொல்லத் தோன்றும்.

ஒன்பதாம் வகுப்பில் கட்டடம் மாறியது. ஓட்டுக் கூரை, காலை வகுப்பு. புவியியல் வந்துவிட்டது. என் மூளை வளர்ந்துவிட்டது என்று அப்பா பெருமைப்பட்டார். நானும் அதையே நம்பினேன். கூரை மாறியதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஆசிரியர் பயிற்சியில் இதைப் பற்றித் தடித்தடியான புத்தகங்கள் படித்தேன், தேர்வு எழுதினேன், தேறினேன். படித்ததைப் பள்ளிக்கூட வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய் வேலை பார்த்தேன்.

மாரிச்செல்வியின் நோட்டைப் பார்த்த அன்று மதியம் நான் ஒரு காரியம் செய்தேன். வெற்றுப் படிவங்களை நகல் எடுத்து, பத்தாம் வகுப்புக்குப் போய், பலகையைத் துடைத்துவிட்டு, "பேர் எழுதுங்க. பதில் உங்க இஷ்டம். நான் மட்டுந்தான் பார்ப்பேன்" என்றேன். முதலில் நம்பவில்லை. பத்து நிமிடம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எழுதினார்கள், இடம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதினார்கள்.

அந்தத் தாள்களையும் மதிப்பெண் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். 'சந்தேகம் கேட்டால் சார் சிரிப்பார்' என்று எழுதியவர்களும், உப்பு லாரி போகிற சாலையோர ஜன்னல்காரர்களும், 'எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள்' என்றவர்களும் பதிவேட்டில் அநேகமாக ஒரே பக்கம், குறைந்த மதிப்பெண் பக்கம், ஒதுங்கியிருந்தார்கள். நல்ல மதிப்பெண் வாங்குவதால் வகுப்பு பிடிக்கிறதா, வகுப்பு பிடிப்பதால் மதிப்பெண் வருகிறதா என்பதை ஆராய்ச்சிக்காரர்கள் முடிவு செய்யட்டும். மாரிச்செல்வி விஷயத்தில் எது முந்தியது என்று எனக்குத் தெரியும். தாழ்வாரம் முந்தியது.

உத்தரவு போட்டது யார்?

ஞானராஜ் சாரைக் கூப்பிட்டேன். நேர்மையாகச் சொல்லவேண்டும், நல்ல ஆசிரியர். சனிக்கிழமையும் வந்து பாடம் நடத்துபவர். அந்த நோட்டைக் கையில் கொடுத்தேன். இரண்டு பக்கம் புரட்டியவர் நின்றுவிட்டார்.

"இது என் போர்டு" என்றார், மெதுவாக.

"பாதி போர்டு" என்றேன். "பிள்ளைகள வெளிய நிறுத்தச் சொன்னது யார் சார்?"

அவர் நோட்டை மூடி மேசையில் வைத்தார். "என்ன டீச்சர் இப்படிக் கேக்கிய? நீங்கதான்."

"நானா?"

"சுற்றறிக்கைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்க."

எடுத்துப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய பக்கம். 'தாமதமாக வரும் மாணவர்கள், வகுப்பின் அமைதி கெடாவண்ணம், முதல் பாடவேளை முடியும்வரை வகுப்பறைக்கு வெளியே நிற்கவேண்டும்.' கீழே என் கையெழுத்து, பச்சை மையில். அதற்குக் கீழே பார்த்ததற்கு அடையாளமாகப் பதினாறு ஆசிரியர்களின் சுருக்கொப்பங்கள். ஏதோ ஒரு நாள், யாரோ இரண்டு பையன்கள் டீக்கடையில் நின்றதற்காகப் போட்டது. டீக்கடைப் பையன்கள் எப்போதோ படித்து முடித்துப் போய்விட்டார்கள். உத்தரவு மட்டும் ஒழுங்காகப் பணியில் இருந்தது.

ஒருவரைத் திட்டுவதற்காக எழுந்து, அந்த ஆள் தானேதான் என்று தெரிந்தால் என்ன செய்வது என்பதற்கு நடைமுறை விதிகளில் இடம் இல்லை. நான் அதே பதிவேட்டில் அடுத்த வெற்றுப் பக்கத்தைத் திறந்து, முந்தைய சுற்றறிக்கை தவறானது என்றும், இன்றுமுதல் ரத்து என்றும் எழுதினேன். பத்தாம் வகுப்பின் கணக்கு நாளைமுதல் நான்காம் பாடவேளை என்றும் சேர்த்தேன்.

"அது சரிப்படாது டீச்சர்" என்றார் ஞானராஜ் சார். "கணக்கு காலையிலதான் வச்சிக்கிடணும். காலையிலதான் மூளை தெளிவா இருக்கும்."

"யார் மூளை?"

"மூணு பேருக்காக முப்பத்தொம்பது பேரைக் கெடுக்கிய. நான் மேல எழுதிப் போடுவேன்."

"தாராளமா. உரிய வழியாத்தான் அனுப்பணும், தெரியும்லா? எங்கிட்ட குடுங்க. அன்னைக்கே மேலனுப்பி வைக்கேன்."

கொடுத்தார். அன்றைக்கே அனுப்பினேன். பரிந்துரைக் குறிப்பில், 'புகார்தாரர் கூறும் நேரமாற்றம் உண்மை. செய்தது நான்' என்று எழுதினேன். மூன்று படிவங்களையும் கட்டின் மேலாக வைத்து, அதையும் அதே தபாலில் அனுப்பினேன்.

அண்ணாச்சியின் அறை

எங்களுடையது அரசு உதவி பெறும் பள்ளி. தாளாளரை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். இரும்புக் கடை வைத்திருந்தவர். மூன்று வருடமாகப் பத்தாம் வகுப்பில் எல்லோரும் தேறியிருந்தார்கள். ஒவ்வொரு வருடமும் அண்ணாச்சியின் படம் பெரிதாகவும் பிள்ளைகளின் படங்கள் தபால்தலை அளவிலும் போட்டுப் பதாகை கட்டுவார். நான்காம் வருடத்துக்கும் அச்சகத்தில் சொல்லிவைத்திருந்தார்.

எல்லோரும் தேறுவதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. தேறாதவர்களைத் தேர்வுக்கு முன்பே பள்ளியைவிட்டு அனுப்பிவிடுவது. பெற்றோரே விரும்பி மாற்றுச் சான்றிதழ் கேட்பதாக ஒரு கடிதம் வாங்கினால் போதும். பொதுத் தேர்வுப் பெயர்ப் பட்டியலில் அந்தப் பிள்ளையின் பெயர் வராது, யாரும் தோற்கமாட்டார்கள். முந்தைய வருடங்களில் அப்படிச் சிலர் போனார்கள். சான்றிதழ்களில் கையெழுத்துப் போட்டவளும் நான்தான். அதைச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை எழுதக்கூடாது.

மழை விழுந்து உப்பளம் மூடியிருந்த ஒரு காலையில், படிவ விஷயம் காதுக்கு எட்டிய அண்ணாச்சி மாரிச்செல்வியையும் அவள் அம்மா பேச்சியம்மாளையும் வரவழைத்தார். கடிதம் தட்டச்சு செய்து தயாராக இருந்தது. என்னையும் கூப்பிட்டார்.

"ஏளா, நீதான் அந்தப் படிவத்துல கண்டதையும் எழுதினவளா?" என்றார் அண்ணாச்சி.

"கண்டதத்தான் எழுதினேன் சார்" என்றாள் மாரிச்செல்வி. "கேள்வி கேட்டிருந்தாவ. பதில் எழுதினேன்."

பேச்சியம்மாள் மகளின் முழங்கையைக் கிள்ளினாள். "சின்னப் புள்ள அண்ணாச்சி. தெரியாம எழுதிட்டா."

"அது கெடக்கட்டும். ஒன் மவளுக்குக் கணக்கு வராது. பரீட்சையில பெயிலாயி மானம் போறதுக்கு, இப்பவே டிசி வாங்கிட்டு, பின்னால தனியா எழுதட்டும். ஒனக்கும் நல்லது, அவளுக்கும் நல்லது. இதுல ஒரு கையெழுத்துப் போடு."

பேச்சியம்மாள் பேனாவை வாங்கினாள். உப்பில் வெடித்த விரல்கள். போடப்போகிற இடத்தில் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "இதுல என்ன எழுதியிருக்கு?"

அண்ணாச்சி பதில் சொல்லுமுன் மாரிச்செல்வி குனிந்து உரக்க வாசித்தாள். "'என் மகளுக்குப் படிப்பில் நாட்டம் இல்லாத காரணத்தால்...'" நிறுத்தினாள். "எனக்கு நாட்டம் இருக்குல்லா?"

 

பேச்சியம்மாள் பேனாவை மூடி மேசையில் வைத்தாள். "அவ இருக்குங்கா அண்ணாச்சி. பின்ன நான் எப்படி இல்லைன்னு கையெழுத்துப் போட?"

"நாலு எழுத்துப் படிச்ச நாங்க சொல்லுதோம், கேக்க மாட்டியா?"

"நாலு எழுத்து அவளும் படிச்சிருக்கா. இப்ப வாசிச்சாள்லா?"

இருவரும் போனபிறகு அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "கடுதாசி இல்லாட்டா பரவாயில்ல. எச்.எம். அம்மா, நீங்க அந்த மூணு பேரையும் விட்டுட்டுப் பட்டியல அனுப்பிருங்க."

"பட்டியல் நேற்று மாலையே போய்விட்டது அண்ணாச்சி. நாற்பத்திரண்டு பேர்."

"யாரைக் கேட்டு அனுப்புனிய?"

"கேட்கவேண்டும் என்று அதில் கட்டம் எதுவும் இல்லை."

இதை முதலிலேயே சொல்லி அந்தப் பெண்களை அலைக்கழிக்காமல் விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம் வந்திருந்தால், பட்டியல் போனபிறகும் என்னால் சான்றிதழை மறுத்திருக்க முடியாது. விதி அப்படி. அந்த அறையில் கதவைச் சாத்தியது நான் இல்லை, பேச்சியம்மாள். நான் தாழ்ப்பாள் மட்டும் போட்டேன்.

காரணம் என்ற கட்டம்

நான்காம் பாடவேளைக் கணக்கு ஐந்து மாதம் நடந்தது. ஞானராஜ் சார் என்னிடம் பேசவில்லை. ஆனால் மூன்று பேரையும் முன் பெஞ்சுக்கு மாற்றினார். கணக்கின் முதல் வரி எங்கிருந்து வருகிறது என்று ஒன்றரை வருடப் பாடத்தைத் திரும்ப ஆரம்பித்தார். ஒருநாள் நான் அந்தப் பக்கம் நடந்தபோது, "ஏளா மாரி, நீயே வந்து போடு" என்று அவர் குரல் கேட்டது. அவள் பலகையின் இடது மூலையில் எழுதத் தொடங்கியிருந்தாள்.

சினிமாவாக இருந்தால் அவள் மாவட்டத்தில் முதலாவதாக வந்திருப்பாள். முடிவு வந்தபோது மூவரில் இருவர் தேறினார்கள். மாரிச்செல்வி மற்றப் பாடங்களில் நன்றாகத் தேறி, கணக்கில் நாலு மதிப்பெண்ணில் தவறிவிட்டாள்.

அண்ணாச்சி தொலைபேசியில் பேசினார். "பாத்தியளா? நான் அன்னைக்கே சொன்னேன்லா? இப்ப திருப்தியா?"

"திருப்திதான் அண்ணாச்சி" என்றேன். "தோத்திருக்கா. பட்டியலில் பேர் இருக்கவும்தானே தோக்க முடிஞ்சது? அடுத்த மாதம் துணைத் தேர்வு. பள்ளியிலிருந்தே எழுதுவாள்."

எழுதினாள். தேறினாள். பதினோராம் வகுப்பில் வணிகவியல் எடுத்தாள். வேறு பள்ளி, நேரத்துக்கு வரும் வேறு பேருந்து.

ஆனால் அதற்கு முன்பே மாவட்ட அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு படிவம் வந்துவிட்டது. தேர்ச்சி பெறாத மாணவர் விவரம். பெயர், பாடம், மதிப்பெண், காரணம். காரணத்துக்கு எழுதவேண்டியது என்ன என்று எல்லாத் தலைமையாசிரியர்களுக்கும் தெரியும். 'மாணவரின் கவனக்குறைவு' அல்லது 'பெற்றோரின் ஒத்துழைப்பின்மை'. நானே பலமுறை எழுதியிருக்கிறேன்.

பச்சை மைப் பேனாவை எடுத்தேன். 'மாணவி ஒன்றரை ஆண்டு கணக்குப் பாடவேளையில் வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்பட்டார். நிறுத்த உத்தரவிட்டவர்: தலைமையாசிரியை.' கையெழுத்து, முத்திரை, தேதி.

படிவம் திரும்பி வந்தது. 'காரணத்தைத் திருத்தி மீண்டும் அனுப்புக.' அப்படியே மறுபடி அனுப்பினேன். இரண்டாம் முறையும் திரும்பி வந்தது. இந்த முறை தொலைபேசியும் வந்தது. "டீச்சர், ஓய்வு பெறப்போற நேரத்துல எதுக்கு இந்த வம்பு? அந்தக் கட்டத்தில் யாரும் இப்படி எழுதுறது இல்லையே" என்றார் பிரிவு எழுத்தர். நல்ல மனிதர், என் மேல் அக்கறையில்தான் சொன்னார்.

"கட்டத்துக்கு மேல காரணம்னுதானே சார் போட்டிருக்கு?" என்றேன்.

மூன்றாவது முறை, சுருக்கமாக ஒரு முகப்புக் கடிதம் வைத்தேன். 'பார்வையில் கண்ட கடிதப்படி படிவம் மீளப் பரிசீலிக்கப்பட்டது. திருத்தம் ஏதும் இல்லை.'

நான் ஓய்வு பெற்ற நாளில் அந்தக் கோப்பு நிலுவையில் இருந்தது. இன்றும் இருக்கும். இருக்கட்டும்.